ரூம் போட்டாச்சா? சாலைப் பயணத்தில் முன்பதிவு பற்றிய ஒரு பழைய வழக்கு

காரில் வெளியூர் கிளம்பும் வீடுகளில் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே சச்சரவு தொடங்கிவிடும். ராத்திரி தங்க ரூம் போட்டாச்சா என்று ஒருவர் கேட்பார். போகிற இடத்தில் கிடைக்காமலா போய்விடும் என்பார் இன்னொருவர். முதலாமவர் பயந்தாங்கொள்ளி, இரண்டாமவர் பொறுப்பில்லாதவர் என்று பேசி, விஷயத்தைச் சுபாவக் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். ஆனால் வழக்கு அதைவிடப் பழையது. வழிப்போக்கர் இரவில் எங்கே தங்குவது, அதை முன்கூட்டி உறுதி செய்வது யார் பொறுப்பு என்பதற்குப் புலவர்கள், மன்னர்கள், சர்க்கார் அதிகாரிகள், ஓட்டல் முதலாளிகள், பொருளியலாளர்கள் எனப் பலரும் பல விடைகள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த விடைகளைச் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இவ்விரு ஊர்களும் தங்குமிட விஷயத்தில் ஒன்றையொன்று அறியாதவை போல நடந்துகொள்கின்றன. செங்கல்பட்டு, ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் சந்திப்பும் வளர்த்த ஊர்; 2019 நவம்பரிலிருந்து தனி மாவட்டத்தின் தலைநகர். மாமல்லபுரம் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கடற்கரைத் தலம். 2002இல் சுங்கச் சாலையாக மாறிய கிழக்குக் கடற்கரைச் சாலையை நம்பி வாழ்வது.

வந்தவருக்கு வாசல் திறந்த காலம்

முன்பதிவு தேவையில்லை என்ற கட்சிக்கு இந்தக் கரையிலேயே பழைய சாட்சி உண்டு. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று வழி சொல்கிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஒவ்வொரு ஊரிலும் யார் எதிர்கொள்வார்கள், என்ன உணவு கிடைக்கும் என்பதும் பாட்டிலேயே வந்துவிடுகிறது: கடலோரத்தில் சுட்ட மீன், முல்லை நிலத்தில் புளிச்சோறு, மருதத்தில் அரிசிச் சோறும் நண்டும். இதைக் காட்டி, நம் முன்னோர் திட்டமில்லாமல் கிளம்பினார்கள் என்று சொல்வது பொருந்தாது. பாணன் இடம் பிடித்து வைக்கவில்லை, உண்மைதான். ஆனால் எங்கே இடம் கிடைக்கும் என்ற செய்தி, போய்வந்த ஒருவரிடமிருந்து அவன் கைக்கு வந்துவிட்டது. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

சத்திரங்கள் அதே நம்பிக்கையைக் கட்டடமாக்கின. தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி 1801இல் கும்பினி அதிகாரிக்கு எழுதிய கடிதம் இதற்கு நல்ல ஆவணம். ராமேஸ்வரம் போகும் பாதையில் இருந்த சத்திரங்களைக் கைவிட்டுவிடாதீர்கள் என்பது அதன் சாரம். வழிப்போக்கருக்குச் சோறு போடுவதையும், நள்ளிரவில் மணி அடித்து இன்னும் சாப்பிடாதவர்களை அழைப்பதையும், நோய்வாய்ப்பட்டவர் குணமாகும்வரை தங்குவதையும் அக்கடிதம் விவரிக்கிறது. முன்னறிவிப்பில்லாமல் வருகிறவரை எதிர்பார்த்தே நடந்த ஏற்பாடு அது.

அதன் பலவீனமும் வெளிப்படையானது. பல சத்திரங்களில் சமையலும் படுக்கையும் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. ஒடுக்கப்பட்டோருக்கு வாசலே திறக்காத சத்திரங்களும் உண்டு. அரசியலமைப்பின் 15(2) ஆவது பிரிவு கடை, உணவகம் ஆகியவற்றோடு ஓட்டலையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதும், 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலைகளையும் சேர்த்துக்கொண்டதும் அந்த வரலாற்றின் விளைவுகளே. சத்திர காலத்தை ஏக்கத்தோடு பேசும் கட்டுரைகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

வெள்ளைக்கார சர்க்காரின் விடை வேறு மாதிரி. பயணியர் பங்களாக்களில் முதலில் வந்தவருக்கு முதலிடம். ஒரு நாள் தங்கியபின் வேறொருவர் வந்தால் முதலாமவர் காலி செய்ய வேண்டும் என்பது பரவலான விதி. ஆய்வு மாளிகைகளிலோ பணிமேல் வரும் அதிகாரிக்கு முன்னுரிமை. முன்கூட்டி எழுதிக் கேட்டிருந்தாலும் பதவி குறுக்கிட்டால் படுக்கை போய்விடும். அந்நாளில் மாமல்லபுரம் பார்க்க வந்தவர்களில் ஒரு சாரார் இந்தத் தொல்லைக்குள் நுழையவே இல்லை. சென்னையில் மாலை படகேறி, பக்கிங்காம் கால்வாயில் உறங்கியபடி வந்து, காலையில் இறங்கிச் சிற்பங்களைப் பார்த்தார்கள்.

முன்பதிவுக் கட்சியின் தோற்றம்

தனிக் காரில் போகும் குடும்பத்துக்கு முன்பதிவு என்ற யோசனை அமெரிக்க நெடுஞ்சாலைகளில் முதிர்ந்தது. மெம்ஃபிஸ் நகரத்துக் கட்டுமான வணிகர் கெம்மன்ஸ் வில்சன் 1951இல் குடும்பத்தோடு வாஷிங்டனுக்குக் காரில் போனபோது வழியோர விடுதிகளின் தரத்தையும் வாடகையையும் கண்டு எரிச்சலடைந்து, மறு ஆண்டே ஹாலிடே இன் நிறுவனத்தின் முதல் விடுதியைத் திறந்தார். எங்கே போனாலும் ஒரே மாதிரி அறை என்பது அவர் விற்ற சரக்கு. 1965இல் அந்நிறுவனம் ஹாலிடெக்ஸ் என்ற கணினி முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஓர் ஊரில் இருந்தபடி அடுத்த ஊரின் அறையை உறுதி செய்துகொள்ளலாம் என்றானது. இன்று நம் கைப்பேசிச் செயலிகள் செய்வது இதன் நீட்சிதான்.

இதற்கும் முன்னால், இதைவிட வலுவான வாதம் ஒன்று அதே சாலைகளில் எழுந்திருந்தது. நியூயார்க் தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் தொடங்கிய ‘கிரீன் புக்’, கறுப்பின மக்களை ஏற்றுக்கொள்ளும் விடுதிகள், உணவகங்கள், பெட்ரோல் நிலையங்களின் பட்டியல். அறுபதுகளின் நடுப்பகுதிவரை அது வெளிவந்தது. அந்தக் குடும்பங்களுக்கு, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது சாகசமாகத் தோன்ற வழியில்லை; இரவில் தவறான ஊரில் கதவு தட்டுவது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது.

முன்பதிவைச் சுபாவக் கோளாறாகப் பார்ப்பவர்கள் மறப்பது இதைத்தான். நம் ஊர் லாட்ஜ் மேசையிலும், ரூம் இருக்கா என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் கேட்கிறவரைப் பொறுத்து மாறுவது உண்டு. தனியாக வரும் பெண், திருமணமாகாத ஜோடி, ஆதார் அட்டையில் இருக்கும் பெயரால் வேறாகப் பார்க்கப்படுகிறவர், வெளிநாட்டவர் தங்கினால் அதிகாரிகளுக்குத் தர வேண்டிய படிவத்தை நிரப்பச் சோம்பல்படும் விடுதிக்கு வந்து நிற்கும் வெளிநாட்டுக்காரர் ஆகியோருக்குப் பலகையில் இருக்கும் காலி அறை நேரில் நிறைந்துவிடலாம். திருமணமாகாதவர்கள் ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில், கோயம்புத்தூர் விடுதி ஒன்று பற்றிய வழக்கில் சொன்னது. தீர்ப்பு இருந்தும், இரவு பத்து மணிக்கு ரிசப்ஷனில் நின்று சட்டம் பேச யாரும் விரும்புவதில்லை. முன்பதிவு இந்தச் சிக்கலை நீக்கிவிடுவதில்லை. பதிவு செய்தபின்னும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. மறுப்பைப் பகலிலேயே, வீட்டிலிருந்தபடியே தெரிந்துகொள்ளும் வாய்ப்பையாவது அது தருகிறது.

நேரில் போனால் மலிவா?

போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களின் முதன்மை வாதம் பணம். அறையைக் கண்ணால் பார்த்து, குழாயைத் திறந்து, ஜன்னலைத் தள்ளிப் பார்த்து, அதன்பின் வாடகை பேசலாம். மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெருவில் வரிசையாக விருந்தினர் இல்லங்கள் இருப்பதால் ஒரு வீட்டில் சொன்ன விலையை அடுத்த வீட்டில் சொல்லிக் குறைக்கவும் முடியும். ஆள் வராத வாரநாளில் இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கடினம்.

இதன் கோட்பாட்டு வடிவத்தைப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961இல் எழுதினார். விலை தேடுவதற்கும் ஒரு விலை உண்டு. தேடலால் மிச்சமாகும் தொகை, தேடும் சிரமத்தைவிடக் குறைந்துபோகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கணிதத்தில் இதற்கு நெருங்கிய ஒரு புதிர் உண்டு. வரிசையாக வருகிறவற்றில் சிறந்ததை, திரும்பிப் போக முடியாத நிபந்தனையோடு தேர்ந்தெடுப்பது எப்படி? முதல் 37 விழுக்காட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிடு, பிறகு அவற்றையெல்லாம் விஞ்சும் முதல் ஒன்றை எடுத்துக்கொள் என்பது விடை. சாலைப் பயணிகளுக்கு இதைப் பரிந்துரைக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஆனால் மொத்தம் எத்தனை வரும் என்று தெரிந்திருந்தால்தான் இந்தக் கணக்கு வேலை செய்யும். மாமல்லபுரத்துக்கு வடக்கே ரிசார்ட்டுகள் நிறைய, வாடகையும் அதற்கேற்ப. கல்பாக்கம் தாண்டித் தெற்கே போகப் போகத் தங்குமிடங்கள் அருகிவிடும். புதுச்சேரி போய்ச் சேர மாமல்லபுரத்திலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர். உப்பளங்களுக்கு நடுவே 37 விழுக்காட்டை நினைத்துப் பயனில்லை.

விலைவாதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும் ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. தங்கள் தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைவாக வேறெங்கும் அறை விற்கக் கூடாது என்று விடுதிகளைக் கட்டுப்படுத்தியது மேக்மைட்ரிப் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அப்படிப்பட்ட ஒப்பந்தம் நடப்பிலிருந்தால் நேரில் பேசிக் குறைக்கும் இடம் சுருங்கிவிடும். ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கும் சிறு லாட்ஜில் இடமிருக்கும். ஆகவே நேரில் போனால் மலிவு என்பதும், ஆன்லைனில்தான் மலிவு என்பதும் விடுதிக்கு விடுதி மாறுகிற உண்மைகள். ஒரு சின்ன விஷயம் இந்தச் சண்டையில் அடிபடுவதே இல்லை. நம் ஊர்ப் பழைய லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. இரவு ஒன்பதுக்குச் சாவி வாங்கினால் மறுநாள் இரவு ஒன்பதுவரை அறை நம்முடையது. செயலியில் பதிவு செய்யும் அறைகள் பெரும்பாலும் பகல் பதினொன்று, பன்னிரண்டுக்குக் கணக்கை முடித்துவிடும். தாமதமாக வந்து சேரும் காருக்கு இது கணிசமான வித்தியாசம். வாடகையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மகிழ்ச்சி பற்றிய ஆய்வுகள்

உளவியல் இரு கட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சம் தீனி போடுகிறது. நெதர்லாந்தில் யெரூன் நாவைனும் உடனாய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைக்குப் போகவிருப்பவர்கள் போகாதவர்களைவிடப் பயணத்துக்கு முன்பு மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்தபின் பெரும்பாலோரிடம் அந்த வித்தியாசம் இல்லை. எதிர்பார்ப்பிலேயே இன்பம் இருக்கிறது என்றால் முன்பதிவு அதற்கு உதவும். மாறாக, கேப்ரியலா டோனியெட்டோவும் செலின் மல்கோச்சும் 2016இல் காட்டியது, பொழுதுபோக்கை நேரம் குறித்து வைத்தால் அது வேலை போல் தோன்றத் தொடங்கிவிடும் என்பது. உத்தேசமாக மட்டும் குறித்துவைத்தால் அந்தக் கேடு வருவதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். இரண்டுமே மேலைநாட்டு மக்களிடம் நடந்தவை. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை எல்லாம் ஒரே வண்டியில் அடங்கும் பயணத்துக்கு இவை எவ்வளவு பொருந்தும் என்பதில் நிதானம் தேவை.

பஞ்சாங்கம் தீர்மானிக்கும் அறைகள்

இதுவரை பார்த்த கட்சிகள் எல்லாம் பயணியை மையமாக வைத்தவை. இந்த வட்டாரத்தில் விடையைப் பெரும்பாலும் முடிவு செய்வது தேதி. அதிலும் இரண்டு ஊர்களுக்கு இரண்டு விதமான நாட்காட்டி.

செங்கல்பட்டு லாட்ஜுகளுக்கு முகூர்த்த நாளே சீசன். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் நல்ல முகூர்த்தம் என்றால் மண்டபத்தைச் சுற்றியுள்ள அறைகளைப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாதங்களுக்கு முன்பே மொத்தமாக எடுத்துவிடுவார்கள். அது புதனா வெள்ளியா என்பது பொருட்டல்ல. வாரநாள்தானே, காலியாக இருக்கும் என்று வரும் வெளியூர்க் கார் இங்கேதான் ஏமாறுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் அதே அறைகள் ஆளில்லாமல் கிடக்கும். இதற்கு ஒரு விலக்கு, தெற்கே மேல்மருவத்தூர்: மார்கழியில் தொடங்கித் தைப்பூசம்வரை இருமுடி ஏந்தி வரும் செவ்வாடைக் கூட்டம் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்துத் தங்குமிடங்களையும் மண்டபங்களையும் நிரப்பும்.

மாமல்லபுரத்தின் நாட்காட்டி இதற்கு ஏறக்குறைய நேர்மாறு. மார்கழிதான் அங்கே உச்சம். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, டிசம்பர் கடைசியில் தொடங்கும் நாட்டிய விழா, குளிர்நாடுகளிலிருந்து வரும் பயணிகள் என எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும். பெருந்தொற்றுக்குப் பிந்தைய 2021-22ஆம் ஆண்டில் வெளிநாட்டவர் வருகையில் தாஜ்மகாலையே முந்திய ஊர் இது. மற்ற மாதங்களில் வாரக்கடைசிதான் நெருக்கடி. ஞாயிறு மாலை கார்கள் சென்னைக்குத் திரும்பியதும் ஊர் காலியாகிவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எளிய வாய்ப்பு புலப்படுகிறது. மார்கழியில் கடற்கரை நிறைந்திருக்கும் இரவுகளில், 30 கிலோமீட்டர் உள்ளே போனால் அறை கிடைக்கலாம். வைகாசி முகூர்த்த நாளில் செங்கல்பட்டு நிறைந்திருந்தால், வாரநாளாக இருக்கும் பட்சத்தில் கடற்கரை கைகொடுக்கலாம். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழும் வாரக்கடைசிகளில் இரண்டு கதவும் ஒருசேர மூடிக்கொள்ளும். பஞ்சாங்கம் பார்க்காதவர்களும் பயணத்துக்கு முன்னால் தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழிக்காமல் தூக்கிப் பார்ப்பது நல்லது.

எந்த நாட்காட்டியிலும் இல்லாதவையும் வருகின்றன. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது ஊரே பாதுகாப்பு வளையத்துக்குள் போனது. ரஷ்யாவில் நடக்க வேண்டியிருந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட் 2022 மார்ச்சில் இந்தியாவுக்கு மாறி, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10வரை மாமல்லபுரத்துப் பூஞ்சேரியில் நடந்தது. 180க்கு மேற்பட்ட நாடுகளின் அணிகளைத் தங்கவைக்க உள்ளூர் அறைகள் போதவில்லை, ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர்., சென்னை என்று விடுதிகள் தேடப்பட்டன. அது ஆடி மாதம் என்பதால் செங்கல்பட்டு மண்டபத் தெருக்கள் அமைதியாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இந்தக் கணக்குகள் எதற்குள்ளும் வராத கூட்டம் ஒன்று ஆண்டுதோறும் இதே கரைக்கு வருகிறது. மாசி மகத்துக்கு இருளர் மக்கள் வட மாவட்டங்களிலிருந்து வந்து, மணலில் சேலைகளால் கூடாரம் கட்டித் தங்கி, கன்னியம்மனை வணங்கி, விடியலில் திருமணங்களையும் நடத்துகிறார்கள். தேதி மட்டும் எல்லோருக்கும் தெரியும். இடம் பிடிக்கும் பேச்சே இல்லை. ஆற்றுப்படை மரபுக்கு இன்றும் நெருக்கமாக இருப்பது இந்தப் பயணம்தான் என்று தோன்றுகிறது.

மழையும் முன்பணமும்

கடற்கரையின் உச்ச சீசனும் வடகிழக்குப் பருவமழையின் பின்பாதியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகேயே கரை கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் வந்தது. முன்பதிவு மிகவும் தேவைப்படும் வாரங்களே, அது வீணாகும் வாய்ப்பு மிகுந்த வாரங்களும்.

இங்கே ஆர்க்ஸ், புளூமர் இருவரின் 1985ஆம் ஆண்டு உளவியல் ஆய்வு நினைவுக்கு வருகிறது. ஒரே வாரக்கடைசியில் இரண்டு பனிச்சறுக்குப் பயணங்களுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள். மலிவான பயணமே அதிக இன்பம் தரும் என்று தெரிந்தால் எதற்குப் போவீர்கள் என்று கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதிகப் பணம் கட்டியதையே தேர்ந்தெடுத்தார்கள். கட்டிய அட்வான்ஸ் போய்விடுமே என்று எச்சரிக்கைக்கு நடுவிலும் காரை எடுப்பது இதன் உள்ளூர் வடிவம். பனிச்சறுக்கைவிட ஆபத்தும் கூட. ரத்து செய்யும் வசதியோடு சற்றுக் கூடுதல் வாடகை கொடுப்பது நவம்பர், டிசம்பரில் நியாயமான செலவு என்று வாதிடலாம். செயலியில் அந்த விதி எழுத்தில் இருக்கும். சிறு லாட்ஜுக்கு ஜிபே செய்த முன்பணம் முதலாளியின் மனசைப் பொறுத்தது. பெரும்பாலும் பணம் திரும்பாது, வேறு தேதிக்கு மாற்றித் தருவார்கள்.

நடுவழியும் அதன் குறையும்

முதல் இரவை மட்டும் பதிவு செய், மற்றதை வழியில் பார்த்துக்கொள் என்பது பயணக் கையேடுகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சமரசம். தொலைவிலிருந்து களைத்து வருகிறவருக்கு இது பொருந்தும். பெங்களூரிலிருந்து காஞ்சிபுரம் வழியாகவோ, மதுரையிலிருந்து திண்டிவனம் வழியாகவோ வரும் காருக்கு அந்த முதல் இரவு முக்கியம். விழாக்காலத்தில் வழியிலுள்ள சுங்கச்சாவடிகளில் எவ்வளவு நேரம் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சென்னையிலிருந்து வருகிறவருக்கு இந்த அறிவுரை தலைகீழாகிறது. மாமல்லபுரம் 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அறை கிடைக்காவிட்டால் வீட்டுக்கே திரும்பலாம். வெள்ளி இரவு மாமல்லபுரம், சனி இரவு புதுச்சேரி என்று கிளம்பும் குடும்பத்துக்குச் சிக்கல் வருவது இரண்டாம் இரவில்தான். அப்போது வீடு 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே இந்தச் சாலையில் உறுதி செய்ய வேண்டியது முதல் இரவா என்பதைவிட, எந்த இரவு சனிக்கிழமை என்று கேட்பது பொருத்தமாகப் படுகிறது.

தீராதவை

இப்போதைக்குச் சொல்லக்கூடியது அளவானது. திங்கள் முதல் வியாழன்வரை, முகூர்த்தமும் விழாவும் இல்லாத நாளில், எந்த விடுதியிலும் மறுக்கப்படாத நிலையிலுள்ள இருவர் முன்பதிவு செய்யாமல் வருவதால் இழப்பது குறைவு; சில வேளை லாபமும் உண்டு. மார்கழி, வாரக்கடைசி, குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பம், வேன் நிறைய ஆட்கள் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தராசு மறுபக்கம் சாயும். இடைப்பட்ட நிலைகளில் ஆற்றுப்படைப் பாணன் செய்தது இன்றும் செல்லுபடியாகும்: பணம் கட்டாமல், இரண்டு மூன்று லாட்ஜ் எண்களையும் அன்றைய நிலவரத்தையும் கையில் வைத்துக்கொள்வது. காலையில் ஒரு போன் செய்து, சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லி வைப்பது முன்பதிவா இல்லையா என்பதில் இரு கட்சியும் உடன்படப் போவதில்லை.

மேலும் சில கேள்விகள் நிற்கின்றன. 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏற முடியாது. அங்கே பயணியின் சுதந்திரத்தை மலையின் கொள்ளளவு எல்லைப்படுத்திவிட்டது. கடற்கரைக்கும் அப்படியொரு நாள் வருமா என்பது ஒன்று. மாமல்லபுரம்-புதுச்சேரிச் சாலை நான்கு வழியாக அகலமாகும்போது மரக்காணம், கடப்பாக்கம் போன்ற இடங்களில் புதிய தங்குமிடங்கள் முளைக்குமா, அல்லது போய்விட்டு அன்றே திரும்பும் பயணங்கள்தான் பெருகுமா என்பது மற்றொன்று. வாடகைக் காரை ஓட்டிவரும் டிரைவருக்கு இரவு எங்கே படுக்கை என்பது இன்னொன்று. சில பெரிய விடுதிகள் டிரைவர்களுக்கென்று அறை ஒதுக்குகின்றன. மற்ற இடங்களில் அவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு கொசுக்கடியில் உறங்கி, மறுநாள் காலை அதே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேலும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறார். முன்பதிவு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் எண்ணும் தலைகளில் அவர் தலை இன்னும் சேரவில்லை.